மூலைமட்டத்துக்குத் தெரிந்தது

மூன்றாவது ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்றே இருந்தது. தச்சரின் மனைவி அதை நாலாக மடித்து, பீரோவில் சேலைக்கடியில் வைத்தாள்.

எட்டு மாதமாக அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டம்ளரை எடுத்தால் பாதி தரைக்கு, மீதிதான் வாய்க்கு. ரத்தம், நரம்பு, தலை ஸ்கேன், எல்லாம் பார்த்தாயிற்று.

"டாக்டரே நார்மல்னு எழுதிட்டாரு. உங்களுக்கு மனசுலதான் வியாதி," என்றாள் மனைவி.

இங்கிலீஷ் டீச்சரான கொழுந்தியாள் அன்று வந்திருந்தாள். "மாமா, அந்த வார்த்தையே உங்க பட்டறையிலேர்ந்து போனதுதான். லத்தீன்ல நார்மான்னா, மூலை சரியா இருக்கான்னு தச்சன் வெச்சுப் பாக்கிற மூலைமட்டம். இங்கிலீஷ்ல முதல்ல, செங்கோணமா நிக்கிறதுன்னு அர்த்தம். அப்புறம் விதிப்படி இருக்கிறது. நோய்நொடி இல்லாதவன், ஊரோட ஒத்துப்போறவன்னு சொல்றதெல்லாம் பின்னாடி வந்தது."

"அப்படின்னா உங்கக்கா என்னிக்குமே நார்மல் இல்ல."

மூவரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கூட்டாளி நெட்டையனுக்கு முன்பே பட்டறைக்குப் போனார். முந்தின நாள் மாலை தானே பொருத்திய ஜன்னல் சட்டத்தின் மூலையில் மட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அரிசி நுழையும் அளவு இடைவெளி. அடுத்த மூலையில் இன்னும் அதிகம்.

ஓரமாகச் சாத்தியிருந்த, தான் போன வாரம் செய்த சட்டங்களை எடுத்துப் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை. உயிர் வந்தது. பிறகுதான் பொருத்துக்குள் இடைவெளியை அடைத்துச் செருகி ஒட்டியிருந்த சன்னமான மரச்சீவல் கண்ணில் பட்டது. பக்கத்தில் உளித்தடம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நெட்டையன் இடது கைக்காரன்.

"என்னண்ணே, பட்டறையிலயே படுத்துட்டீங்களா?" என்றபடி வந்தவன் மட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எத்தனை நாளாடா?"

"அது... ஈரத்துல மரம் முறுக்கிக்கும்ணே."

"மரமா முறுக்கிக்கிச்சு?"

நெட்டையன் கால் கட்டைவிரலால் தரையில் கிடந்த சீவலைத் தள்ளிக்கொண்டிருந்தான். "எட்டு மாசமா," என்றான், தலையைத் தூக்காமல்.

அவர் மட்டத்தைச் சுவரில் மாட்டப் போனார். ஆணி இருபது வருஷமாக அதே இடத்தில்தான் இருந்தது. முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவையும். நெட்டையன் அருகே வரவில்லை. வந்தால் அவருக்குப் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது தடவை சுண்ணாம்பு உதிர்ந்தது.

"நீயே மாட்டுடா," என்று நீட்டினார். "இனிமே அது உன்கிட்டயே இருக்கட்டும்."