சீனியின் கடவாய்ப்பல்

எங்கள் வீட்டுக் கினிப்பன்றி சீனி நேற்றிலிருந்து எதையும் தின்னவில்லை. இன்று காலை சாத்தூரில் உள்ள கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"கடிக்க என்ன குடுப்பீக?" என்றார்.

"மருந்து முக்காத தீக்குச்சிதான் சார். வீட்ல இருக்குற ஹாம்ஸ்டர் எலி அதைக் கடிச்சுத்தான் பல்லைத் தேய்ச்சுக்கிடுது."

சிரித்துவிட்டார். "அதுக்கு முன்பல்லு மட்டுந்தான் ஓயாம வளரும். இதுக்குக் கடவாப்பல்லும் வளருமே! புல்லை மென்னாத்தான் அது தேயும்."

மயக்கம் கொடுத்து, நாக்கைக் குத்திக்கொண்டிருந்த பல்லை ராவிவிட்டார்.

சாயங்காலம் சீனி கொத்தமல்லியை மெல்லும் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

எங்கள் சிவகாசியில் தீக்குச்சி எம்புட்டு வேண்டுமானாலும் கிடைக்கும். இந்த வெயிலில் பச்சைப்புல் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்!