ஷவ்கி அம்மோ கட்டும் ஆபீஸ்

பிரமிடு கட்டியவர்களுக்குக் கல்லாவது இருந்தது. கல்லும் கயிறும் இல்லாமல், மேலே சட்டையும் கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்தபடி, தினமும் காலை எட்டரைக்கு ஒரு முழு ஆபீஸைக் கட்டி எழுப்பி, ஒன்பதே காலுக்குப் பிரித்துச் சுருட்டி வைக்கிறவர் அலெக்சாந்திரியாவில் ஒருத்தர்தான். அலெக்சாந்திரியா என்ன, ஆதம் பிறந்ததிலிருந்து இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான்: எங்கள் பக்கத்து வீட்டு ஷவ்கி அம்மோ. அம்மோ என்றால் சித்தப்பா; பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

“எல்லாரும் வெளிய போங்க. போயிட்டு வரிசையா உள்ள வாங்க.”

இது அவர் குரல். எங்கள் பால்கனியும் அவர் பால்கனியும் ஒட்டியவை. நடுவில் இடுப்பளவு கம்பித் தடுப்பு. அங்கே நின்றால் திறந்த கதவுக்குள் அவர் மேஜையும் திரையும் தெரியும். அவருடைய வைஃபை அந்தத் தடுப்பு வரைக்கும்தான் எட்டும் என்பதால் நானும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். அவருக்கு அது தெரியும். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஊரின் மன்ஷியா பகுதியில், கடலைப் பார்த்த ஒரு நீளமான அறையில், ஆறு பேர் உட்கார்ந்து கப்பல்களுக்குக் காகித வேலை பார்த்த ஏஜென்சி அவருடையது. அவருடையது என்றால் முதலாளி இல்லை; அப்படித்தான் பேசுவார். துபாய்க்காரர்கள் அதை வாங்கினார்கள். வாங்கின கையோடு அறையைக் காலி செய்து, எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். ஹானி சூயஸுக்குப் போனார். நெர்மீன் போர்ட் சயீதுக்கு. மாஜித் மனைவியோடு சவூதியில் தம்மாமுக்கு. இக்ராம் மேடம் இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி இருக்கிறார், ஆனால் அவரையும் திரையில்தான் பார்க்க முடிகிறது. இப்போது அந்த அறையில் கல்யாண உடுப்பு வாடகைக்கு விடுகிறார்கள்.

கடைசி நாளன்று மற்றவர்கள் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஷவ்கி அம்மோ மட்டும் ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே போய் நின்று, அதன் பின்னால் இருந்த சுவரைப் போட்டோ எடுத்தாராம். வீடு வந்ததும் ஆளுக்கொன்றாக அனுப்பினார். “மீட்டிங்ல உங்க முதுகுக்குப் பின்னாடி இதைப் போட்டுக்கங்க. உங்க வீட்டுச் சமையல்கட்டை யாரும் பார்க்க வேண்டாம்” என்றார். காரணம் சமையல்கட்டு இல்லை. திரையில் மேலே மூன்று கட்டம், கீழே மூன்று கட்டம். சரியான வரிசையில் உள்ளே வந்தால் மேல்வரிசை முழுக்க அந்தக் கடல் ஜன்னல் நீளும்: ஷவ்கி, அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஜுஹைர், இக்ராம். கீழ்வரிசையில் ஹானியின் அலமாரி, நெர்மீனின் வரைபடம், மாஜிதின் வாசல் கதவு. ஆபீஸ் எழுந்து நிற்கும்.

யாருக்காவது நெட் போய்த் திரும்பி வந்தால் கடைசியில் போய் விழுவார். உடனே கதவு நகர்ந்து வரைபடத்தின் இடத்துக்குப் போகும். அப்போதுதான் அந்த “வெளிய போங்க”. வயசான நாலைந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய் வரிசையாகத் திரும்புவார்கள். ஒருமுறை துபாய் தலைமை ஆபீஸ் லமீஸ் மேடம் நடுவில் திடீரென்று நுழைந்துவிட்டார்.

“மேடம், மன்னிக்கணும். நீங்க அலமாரிக்குள்ள நிக்கறீங்க.”

“எந்த அலமாரி?”

“கொஞ்சம் வெளிய போயிட்டுக் கடைசியா வந்தீங்கன்னா, வாசல்ல வரவேற்போம்.”

அவர் போகவில்லை. முழு மீட்டிங்கும் அலமாரிக்குள்ளேயே இருந்தார்.

ஜுஹைருடைய கட்டத்தில் ஒரு கப்பல் இருந்தது. போட்டோ எடுத்த அன்று கடலில் நின்ற கப்பல். படம் என்பதால் நின்றது நின்றபடியே. தினமும் ஹானி கேட்பார் (உஸ்தாஸ் என்றால் எங்கள் பேச்சில் சார்): “உஸ்தாஸ், அந்தக் கப்பலுக்கு இன்னும் கிளியரன்ஸ் வாங்கலையா?” ஷவ்கி அம்மோ தினமும் அதே முகத்தோடு சொல்வார்: “காகிதம் முடியல.” எல்லாரும் சிரிப்பார்கள். இதை ஒரு ஜோக் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒருநாள் ஹானி கேட்க மறந்தபோது மீட்டிங் தொடங்கவே இல்லை.

ஜுஹைர் உள்ளே வரும்போது மட்டும் ஷவ்கி அம்மோ மோதிர விரலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பழைய ஆபீஸில் ஜுஹைரைத் தாண்டித்தான் தன் இடத்துக்குப் போக வேண்டுமாம். போகிற போக்கில் அவர் மேஜையில் இரண்டு தட்டு. அதுதான் அவர்களுக்குள் காலை வணக்கம்.

இந்தப் படங்களை யாராவது தொலைத்துவிட்டால் மறுபடி அனுப்புவது நான்தான். அவர் போனில் பெரிய படம் போகாது. ஒருமுறை மாஜிதுக்குக் கதவுக்குப் பதிலாக ஒரு கழுதையை அனுப்பிவிட்டேன். காலையில் அது வாசலில் நின்றது. ஷவ்கி அம்மோ திரையை உற்றுப் பார்த்தார். “கழுதைக்குத் துறைமுக பாஸ் குடுத்தது யாரு?” என்று மட்டும் கேட்டார், தடுப்புப் பக்கம் திரும்பாமலே.

வசந்தத்தில் ஜுஹைர் வேலையை விட்டுவிட்டு மொன்ட்ரியலில் மகனிடம் போனார். அவர் அனுப்புகிற ‘காலை வணக்கம்’ இங்கே சாயங்கால டீக்கு வந்து சேரும். அவர் போனதும் கப்பல் போனது. இக்ராம் மேடம் நடுவுக்கு நகர்ந்தார், அலமாரி ஜன்னல் வரிசைக்கு ஏறியது, மற்றதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போனது. ஷவ்கி அம்மோ “வெளிய போங்க” சொல்வதை நிறுத்திவிட்டார். எந்த வரிசையில் வந்தாலும் அது ஆபீஸாக ஆகவில்லை.

நெர்மீன் ஒரு யோசனை சொன்னார். “உங்க வீட்டம்மா போன்ல இருந்து சும்மா ஒரு ஆளை உள்ள விடுங்க உஸ்தாஸ். இடம் நிரம்பிடும்.”

“அது ஜுஹைர் நாற்காலி. அதுல பையை வைக்கக்கூட நான் யாரையும் விட்டதில்ல.”

பிறகு லமீஸ் மேடம் செய்தி அனுப்பினார். இன்டர்நெட்டில் இருக்கும் பொதுப் பலகையில் எல்லாரும் தங்கள் வேலையை எழுதிவிடுகிறார்களே, தினமும் இந்த மீட்டிங் எதற்கு, வியாழக்கிழமை தானே வந்து பார்த்து முடிவு சொல்வதாக. அன்று சாயங்காலம் ஷவ்கி அம்மோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சுஆத்திடம் பேசியது தடுப்பைத் தாண்டி வந்தது.

“இதுவும் போச்சுன்னா நான் காலையில எங்க போறது?”

“வேலையை விட்டா தூக்கறாங்க? வேலை அப்படியேதானே இருக்கு.”

“வேலை இருக்கு சுஆத். போற இடம்தான் இல்ல.”

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது.

வியாழக்கிழமை எட்டரைக்கு ஷவ்கி அம்மோ உள்ளே போனார். அடுத்த நொடியே இரண்டாவது கட்டம் திறந்தது. ‘ஜுஹைர்’ என்று பெயர். முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னலின் நடுப்பாகம், கடல், கப்பல். அந்தப் படம் யாரிடமெல்லாம் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஷவ்கி அம்மோவின் கை மேஜைக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மோதிரம் இரண்டு முறை தட்டியது.

“எல்லாரும் வரிசையா வாங்க,” என்றார்.

இக்ராம். ஹானி. நெர்மீன். மாஜித். ஜன்னல் ஒட்டிக்கொண்டது. ஹானிதான் முதலில் வாயைத் திறந்தார். “உஸ்தாஸ், கப்பல் திரும்பி வந்துருச்சு போல. இன்னும் கிளியரன்ஸ் வாங்கலையா?”

“காகிதம் முடியல.”

மாஜித் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். லமீஸ் மேடம் கடைசியாக வந்து, ஆறு கட்டத்துக்கும் கீழே தனியாக நின்றார். “வாங்க மேடம், வாசல் வழியா வந்திருக்கீங்க,” என்றார் ஷவ்கி அம்மோ. மேடம் திரைக்கு அருகே குனிந்தார்.

“இதெல்லாம் ஒரே ஜன்னலா?”

“ஒரே ஜன்னல்தான்,” என்றார் இக்ராம் மேடம். “ஒரு புயல்ல என் பக்கத்துக் கண்ணாடி உடைஞ்சு, குளிர்காலம் முழுக்கக் கோட்டு போட்டுக்கிட்டே வேலை பார்த்தோம். ஜுஹைர் ஆபீஸ் பூனையை மடியில வெச்சுக்கிட்டாரு, சூட்டுக்கு.”

“பூனைக்கும் கோட்டு வேணும்னு கேட்டாரு,” என்றார் ஹானி.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் பழைய சாமான் வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் ஒரே ராகம்: “பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், பழைய பேட்டரி.” மீட்டிங்கில் அது இரண்டு தடவை கேட்டது. ஷவ்கி அம்மோ கட்டத்திலிருந்து ஒன்று. ஜுஹைர் கட்டத்திலிருந்து ஒன்று. ஹானியின் ஜோக்குக்குச் சிரித்தபோது என் விரல் எங்கே பட்டுத் தொலைத்ததோ, மைக் திறந்தே கிடந்தது.

“என்ன ரெண்டு தடவை கேக்குது?” என்றார் லமீஸ் மேடம்.

ஷவ்கி அம்மோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எங்க தெரு குறுகல், மேடம். எதிரொலி.”

மேடம் போகும்போது, தினமும் வேண்டாம், வியாழக்கிழமை மட்டும் இருக்கட்டும் என்றார். போகிறதற்கு முன்னால் அந்தக் கப்பலின் பெயரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

நான் தடுப்பில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். ஷவ்கி அம்மோ இஸ்திரிச் சட்டையும் பைஜாமாவுமாக வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

“பஸந்த். ஜுஹைர் உஸ்தாஸ் எப்படி இருக்காரு?”

“எனக்கு எப்படித் தெரியும் அம்மோ?”

“மொன்ட்ரியல்ல இப்ப நடுராத்திரி. அந்த நேரத்துல அவரு தெருவுல பழைய ஃப்ரிட்ஜ் வாங்க வண்டி வருதாம்.”

பரீட்சையில் புவியியல் என்னை இரண்டு தடவை கவிழ்த்திருக்கிறது. மூன்றாவது தடவை இதுதான்.

“மத்தவங்களுக்கும் தெரியுமா?” என்றேன்.

“எல்லாருக்கும் மணி பார்க்கத் தெரியும், பொண்ணே.”

தெருமுனையில் திரும்புகிற வண்டியை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தடுப்புக்கு மேலே நீட்டி, என் பக்கத்துக் கம்பியில், மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.