ராகு காலத்தில் பள்ளி வாசலில்

நான் பத்திரம் எழுதுகிறவன். திருவண்ணாமலையில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. சிரித்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இந்தப் புத்தியோடுதான் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளி தேடிப் போனேன்.

அவளுக்கு ஆட்டிசம். வேலூர் டாக்டர் அதைச் சொன்னபோது அந்த வார்த்தையை எங்கள் தெருவில் யாருமே கேள்விப்பட்டதில்லை. தேவைப்பட்டால்தான் பேசுவாள். நேரம், கிழமை எதையும் மறக்கமாட்டாள். கூச்சல் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு வழி தெரிந்த பக்கம் ஓடிவிடுவாள். ஐந்தாம் வகுப்பு வரை பக்கத்துத் தெருப் பள்ளி, எல்லோரும் அவளை அறிந்தவர்கள். பெரிய பள்ளியில் ஒருநாள் கேட்டைத் தாண்டி பஸ் ஓடும் ரோட்டுக்கு வந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

முதலில் செங்கம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். வாசலிலேயே நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய போர்டு. தாளாளர் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாம் நம்ம குழந்தைங்கதானே என்று சிரித்தார். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி சந்தோஷத்தில் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனாள். நான் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைசித் தாளில், சொந்த விருப்பத்தின் பேரில் மகளின் டி.சி.யைப் பெற்றுக்கொள்கிறேன் என்று டைப் அடித்திருந்தது. தேதி மட்டும் இல்லை. தேதி வருமிடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள்.

பத்தாம் வகுப்பு வரும்போது போர்டில் சதவீதம் குறையாமலிருக்க, ஒரு தேதியை நிரப்பி அவளை வெளியே அனுப்பிவிடலாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.  பஸ் ஸ்டாண்டு வந்ததும் மனைவி சொன்னாள்:

“பாக்கறவங்க எல்லாருமே திருடங்கன்னா, நம்ம பொண்ணு யாராண்டதாங்க படிக்கறது?”

அடுத்தது அரசு பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை சிரிக்கவே இல்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பாத்ரூமுக்குத் தனியாகப் போவாளா, சத்தம் கேட்டால் என்ன செய்வாள், யார் பேச்சைக் கேட்பாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். வேண்டாமென்று சொல்லக் காரணம் தேடுகிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பிரச்சினை இல்லை என்றே பொய் சொன்னேன். கேட்டுக்கு வெளியே விடமாட்டோம் என்று எழுதித் தரச் சொன்னேன்.

“எழுதிக் குடுக்கற அதிகாரம் எனக்கு இல்லீங்க சார். பாத்துக்கறோம். அவ்ளோதான் சொல்ல முடியும்,” என்றார்.

எழுத்தில் இல்லாத வாக்கு எனக்கு வாக்கே இல்லை. ஆனால் மனைவி அன்றே சேர்த்துவிட்டாள்.

நான் வேவு பார்க்கத் தொடங்கினேன். எங்கள் தொழிலில் ராகு காலத்தில் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் மேசையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. அப்போது சைக்கிளை மிதித்துப் போய், பள்ளிக்கு எதிரே டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொள்வேன். சைக்கிளை வெளியே சாத்தியிருப்பேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் பார்க்கிறேன், மகள் தன்னந்தனியாகக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஆதாரம் வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் வந்தாள். ஒரு மாதம் பொறுத்து, தேதி, கிழமை, மணி எல்லாம் போட்டு, ஆட்சேபணைக்கு இடமில்லாதபடி ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை முன்னால் போட்டேன். இதுதான் நீங்கள் பார்த்துக்கொள்ளும் லட்சணமா என்று குரலை உயர்த்தியே கேட்டேன்.

அவர் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்த வகுப்பு டீச்சரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். செவ்வாய் மூன்று மணி. புதன் பன்னிரண்டு. வியாழன் ஒன்றரை. வெள்ளி பத்தரை.

“இது ராகு காலமாச்சே சார்,” என்றார்.

நான் மனுவை எட்டிப் பார்த்தேன். டீச்சர்தான் தொடர்ந்தார்.

“டீக்கடையாண்ட உங்க சைக்கிள ஜன்னல்ல பாத்துட்டு மொதல்ல எழுந்திருப்பா. இப்ப மணி பாத்தே வந்துடறா. கிழமைக்கு ஒரு நேரமா ஏன்னுதான் எங்களுக்குப் புரியவே இல்ல. கேட்டு பூட்டிதான் இருக்கு. நான் தூணாண்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க தூண் பக்கம் பாக்கல போல.”

எந்தக் கேட்டை நினைத்துப் பயந்தேனோ, அந்தக் கேட்டுக்கு நேரம் தவறாமல் வர அவளைப் பழக்கியவன் நானேதான்.  இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மனுவைக் கேட்டேன். தலைமையாசிரியை அதை ஃபைலில் வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் நிலைகொள்ளவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். சைக்கிள் சாவியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து, பன்னிரண்டுக்கு முன்னால் நான் கேட்டாலும் தரவேண்டாம் என்றேன்.

சாயங்காலம் மகளை அழைத்து வந்த மனைவி சொன்னாள்: பத்தரைக்கு அவள் கேட்டுக்கு வந்திருக்கிறாள். பன்னிரண்டு வரை நின்றிருக்கிறாள். அந்த டீச்சரும் அத்தனை நேரமும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றாராம். பன்னிரண்டு அடித்ததும் தானே திரும்பி வகுப்புக்குப் போய்விட்டாளாம்.

ஒன்றரை மணி நேரம் வெயிலில் யார் நிற்பார்கள்? குடை என்ன நிறம் என்று கேட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

“கருப்பு. ஒரு கம்பி ஒடஞ்சிருக்கு.”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.