பென்சனுக்கு ஒரு பவர் சப்ளை

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் பென்சனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்திய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பார். யார் எங்கே கழித்துப் போட்டாலும் தூக்கி வந்துவிடுவார். வீட்டின் பின்னறையில் அப்படி ஒன்பது பெட்டிகள். ஈரம் ஏறக்கூடாதென்று அங்கே பகலிலும் குண்டு பல்பு எரியும். இவ்வளவு சீராட்டியும் ஒன்றுகூட ஓடவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். போர்டு இருக்கும் பெட்டிக்கு கேபிள் இருக்காது. சென்னையிலிருந்து வரும் கேபிளோ வேறு மாடலுக்கானதாக இருக்கும்.

மனைவி செல்வமேரி கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாச்சும் ஓடணுங்க. இல்லாட்டி எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ரூமை டூரிஸ்டுக்கு விடப்போறேன்."

ஒன்று மட்டும் ஏறக்குறையத் தேறியிருந்தது. உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பாகம்தான் பாக்கி. அதே மாடல் பெட்டி பழனியில் ஞானவேல் என்பவரின் அச்சு பிரஸ்ஸில், பஞ்சாமிர்த டப்பாவுக்கு லேபிள் போட்டுக்கொண்டு இன்னமும் ஓடுகிறதென்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனார். ஓடத்தான் செய்தது. புதுசு வாங்கிவிட்ட ஞானவேல் பழையதைக் கொடுக்கத் தயார்.

"ஆனா ஆயுத பூஜை வருதுங்க. அதுக்கு முன்னாடி வெளிய அனுப்பக்கூடாது. அடுத்த வாரம் எடுத்துக்கங்க."

பென்சனுக்கு அப்போதே தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. ஆசையைக் காட்டினால் மனிதர் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். "பழைய பெட்டிதானேங்க, அவசரமில்ல" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வந்தார். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. பெரிய சாமர்த்தியசாலி!

அடுத்த வாரம் போனபோது பெட்டி மாலையும் சந்தனமுமாக இருந்தது. ஞானவேல் முகம்தான் சரியில்லை.

"எப்பவும் பொட்டு மட்டுந்தாங்க வைப்போம். கடைசி பூஜையாச்சேன்னு ஒரு செம்பு மஞ்சத்தண்ணிய தாராளமா தெளிச்சோம். விஜயதசமிக்கு எல்லா மிஷினும் கொஞ்ச நேரமாச்சும் ஓடணும்ல, சுவிட்சப் போட்டேன். பின்னாடி டப்புன்னு ஒரு சத்தம். ஒரே பொகை."

பென்சன் பின்பக்கம் மோந்து பார்த்தார். பவர் சப்ளையேதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மரியாதை செய்து வழியனுப்பிய மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? தன் வாயிலேயே நாலு போடலாம் என்றிருந்தது.

மலைப்பாதை முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செல்வமேரி வாசலிலேயே கேட்டாள்.

"ஓடுதா?"

"விஜயதசமி வரைக்கும் ஓடிச்சு."

அவள் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். திட்டவில்லை.

"சாப்பிட்டுட்டு எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க" என்றாள்.

பென்சன் சாப்பிடவில்லை. நேரே பின்னறைக்குப் போய், ஏறக்குறையத் தேறியிருந்த அந்தப் பெட்டியைத்தான் முதலில் வெளியே தூக்கி வந்தார்.