பொட்டு வைத்த வெள்ளைக்காரி

சுந்தரபாண்டியம் கிராமத்துத் தவசிமுத்து குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கியவன். பி.ஏ. வரலாறு. அந்தப் படிப்போடு எண்பத்தாறாம் வருஷம் ராஜபாளையத்தில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான். குடியிருந்தது மில் தொழிலாளி மலைச்சாமி வீட்டு முன்னறையில்.

போர்டு சோறு போட்டது. மனசு ஆயில் பெயிண்டிங்கில் கிடந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. பழைய இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்த ஒரு வண்ணப் படத்தைக் கட்டம் போட்டுத் துணியில் பெயர்த்தான். ஆற்றங்கரையில் மண்டியிட்டு ஒரு வெள்ளைக்காரன். அவன் பிடித்த கையை விடுவிக்காமல் நாணி நிற்கிற பெண். மரம் வந்தது, தண்ணீர் வந்தது, சட்டை மடிப்புகூட வந்தது. பெண்ணின் முகத்தில் மட்டும் பத்திரிகையைத் தைத்த கம்பி ஓட்டை போட்டிருந்தது. அதைக் கைப்போக்கில் முடித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலடி தள்ளி நின்று பார்த்தான். வெள்ளைக்காரியின் நெற்றியில் சிவப்புப் பொட்டு. கீழுதட்டோரம் மச்சம். மலைச்சாமியின் மகள் மாடத்தி!

அவளை அவன் நேராக ஏறிட்டுப் பார்த்ததே கிடையாது. காலையில் அவன் குளிக்கப் போகும்போது வந்து அறையைக் கூட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். சொன்னால் யார் நம்புவார்? மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சுரண்டிவிடத் தகட்டை எடுத்தான். ஆனால் அவன் வரைந்த முகங்களிலேயே அதற்குத்தான் உயிர் இருந்தது. விடியட்டும் என்று கதவுக்குப் பின்னால் வைத்தான். பெண் பார்க்கிற நாளில் அவளா கூட்ட வரப்போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால் அறை கூட்டியிருந்தது. வாசலில் மலைச்சாமி.

"தம்பி, மாப்ள வீட்டாளுக வெள்ளனவே வாராகளாம். ஒங்க ரூம்லதான ஃபேன் இருக்கு, இங்கனயே உக்கார வச்சுருதேன். நீங்களும் இருங்க. பி.ஏ. படிச்சவுக நம்ம வீட்டுல இருக்காகன்னு தெரியட்டும்."

போர்டு எழுதுகிற எனாமல் என்றால் ராத்திரியே காய்ந்திருக்கும், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடலாம். இது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சாயம். பத்து நாளானாலும் ஒட்டும். துணி போட்டு மூடவும் வழியில்லை. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், தலையைத் திருப்பிக்கொண்டே படத்தைக் கட்டிலுக்கு அடியில் மல்லாத்தித் தள்ளினான்.

மாப்பிள்ளையின் தாய் சந்தனம் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்தாள். அவள் கால் பின்னால் போகும்போதெல்லாம் தவசிமுத்துவின் கண்ணும் கூடவே போனது. காபித் தட்டோடு மாடத்தி வந்தாள். டம்ளரை எடுத்த சந்தனம் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு.

"என்னம்மா இது?"

"குங்குமம் அத்தை."

சந்தனம் முந்தானையால் துடைத்தாள். போகவில்லை, இழுகியது. மோந்து பார்த்தாள். "குங்குமத்துக்கு ஏது எண்ணெ வாடை?"

தவசிமுத்து கட்டிலைப் பார்க்காமலிருக்க ஃபேனைப் பார்த்தான்.

"எண்ணெயில கொழச்சு வெளக்குக்கு வச்சேன்." குரல் நிதானமாகத்தான் இருந்தது, தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

"வெளக்குக்கு வச்ச கை. இதுக்கு மேல என்னத்தப் பாக்க?" என்று சந்தனம் சிரித்தாள். மகள் விளக்குப் பக்கம் போனதையே கண்டிராத மலைச்சாமி திருதிருவென்று விழித்தான்.

அவர்கள் பூ வைத்துவிட்டுப் போன பிறகு தவசிமுத்து படத்தை வெளியே இழுத்தான். பெண்ணுக்கு முகமே இல்லை. கண், மச்சம், பொட்டு எல்லாம் கட்டைவிரல் இழுத்த இழுப்பில் சேறாகக் கிடந்தன.

"அண்ணே, இது எதுல போகும்?" கதவோரம் மாடத்தி விரலை நீட்டினாள்.

சாயம் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலை நீட்டினான்.

"கண்டது நானா இருந்ததால சரியாப்போச்சு. எங்கய்யா கண்டிருந்தா?" என்றாள். விரலைத் துடைத்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொண்ணூறுகளில் அவன் கல்யாண மண்டபங்களுக்குப் படம் வரைந்து பேர் வாங்கினான். பெண் முகம் முடிந்ததும் டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

"யாரு மாதிரி இருக்கு?"

"யாரு மாதிரியும் இல்லையே" என்று நாலு பேரும் சொன்ன பிறகுதான் பொட்டு வைப்பான்.