பச்சைப் பட்டைக்குத் தெரியாதது

உப்பலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பாதிப் பேர் ஒரே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். லிஃப்ட் நின்றால் முறைப்படி புகார் எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகே படியேறுவோம். பெரும்பாலும் புகாரை எழுதுவது நான்.

அன்றும் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி கீழே இருக்கும் நண்பர், என் பிரிவிலேயே வேலை பார்த்தவர், போனில் அழைத்தார். "சார், ஜரா கீழ வாங்க." உருது கலந்த இந்த ஊர்ப் பேச்சு வழக்கம்தான்; குரல்தான் சரியில்லை. போனேன். ஓய்வூதியம் நிற்கப் போகிறது என்று வந்த போலி மின்னஞ்சலை நம்பி, அது காட்டிய பக்கத்தில் தன் கடவுச்சொல்லை அடித்திருக்கிறார். இப்போது அவர் மின்னஞ்சல் கணக்கு அவருக்கே திறக்கவில்லை.

என்ன கடவுச்சொல் என்றேன். அதையெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்கே விதியை நினைவூட்டினார். திருடனிடம் சொன்னதை என்னிடம் சொல்வதில் என்ன குறைந்துவிடும் என்று கேட்ட பிறகு சொன்னார். பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தில், பணியாளர் எண், ஒரு @ குறி, வேலையில் சேர்ந்த வருடம்.

எங்கள் பிரிவே அந்த அச்சில்தான் கடவுச்சொல் வைத்திருந்தது. ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் அவர் கணினியைத் திறக்க வேண்டாமா? பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் விதிப்படி இருந்ததால் வலிமை காட்டும் பட்டை பச்சையாக ஒளிரும். தணிக்கைக்கு வந்தவர்களும் அந்தப் பச்சையைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஓய்வூதியர் சங்கம் மாதந்தோறும் பிறந்தநாள் பட்டியல் அனுப்பும். பெயர், பணியாளர் எண், சேர்ந்த வருடம், துணைவியின் பெயர், இருவரின் மின்னஞ்சல். எண் போடாமல் எங்களுக்கு வாழ்த்தவும் வராது. நண்பரின் மின்னஞ்சலோடு அந்தப் பட்டியல் முழுவதும் இப்போது திருடன் கையில் இருக்கிறது. அச்சும் இருக்கிறது. என் மனைவிக்குக் கணக்கு திறந்து கொடுத்தவன் நான். கடவுச்சொல் அதே அச்சில், என் எண்.

என் கணக்கு போனால் மின்கட்டண ரசீதுகள் போகும். அவள் கணக்கில் அவளுடைய தங்கை இருந்தாள். நாகர்கோவிலிலிருந்து வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தவள் போன வருடம் இறந்துவிட்டாள். அந்த மடல்களுக்கு நகல் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மனைவியை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. நண்பர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அதற்குள் படியில் இருந்தேன். முழங்கால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்சேபம் தெரிவித்தது.

அவள் சமையலறையில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலியைக் குறைத்து வைத்திருந்தாளாம்.

"என்னங்க, யாரோ புது போன்லேருந்து என் மெயிலைத் திறக்கிறாங்களாம். நீங்களான்னு கேக்குது. எப்பவும் நீங்கதானே?"

விரல் 'ஆம்' மேல் நின்றது.

"நக்கோ, வேண்டாம்," என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. "நானில்ல. அதைத் தொடாத."

என் முகத்தைப் பார்த்தாள். விரலை நகர்த்தி 'இல்லை' என்பதை அழுத்தினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

தங்கையின் மடல்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தாள். இருந்தன. உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று எட்டு எழுத்துகள், ஒரு குறி, இரண்டு எண்கள் என்று ஆரம்பித்தேன். பட்டை பச்சையானால் போதும் என்றேன்.

"இத்தனை நாளும் பச்சைதானே இருந்துச்சு. உங்க நம்பர் ஊருக்கே தெரியும்னு அந்தப் பச்சைக்குத் தெரியுமா?"

அத்தனை வருடத் தணிக்கையில் யாரும் கேட்காத கேள்வி. பட்டை எழுத்துகளை எண்ணும். யார் யாரை அறிவார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வை, வேறெங்கும் அதைப் பயன்படுத்தாதே, நம்மைப் பற்றி எதுவும் அதில் வேண்டாம் என்றேன்.

"சரி, அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பி நின்றேன். நெடுநேரம் அடித்தாள். பிறகு மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்தினாள். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள் கணக்கிலிருந்து என்னை வெளியேற்றியிருந்தார்கள்.

நண்பரின் கணக்கு இன்னும் மீளவில்லை. மீட்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகலுடன்.

சாயங்காலங்களில் மனைவி பால்கனியில் உட்கார்ந்து தங்கையின் பழைய மடல்களைப் படிக்கிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். எத்தனையோ வருடம் நான் திறந்து பார்த்திருக்கலாம், ஒன்றையும் படித்ததில்லை. இப்போது என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால், சில நாள் சொல்கிறாள்.