சேங்கொட்டைச் சிவப்போடு தர்மபுரிக்கு ஒரு பஸ் பயணம்

பயணம் எழுதுகிறவர்கள் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்விட்டு எழுதுகிறார்கள். நான் போனது அரூரிலிருந்து தர்மபுரிக்கு, இருபத்தைந்து மைல். மார்பில் கட்டி இருக்கிற பெண் அங்கே போய் அறுத்துக்கொண்டு திரும்புவது எப்படி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. போய்த் திரும்பியவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், தை மாதம். எங்கள் ஊர் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. கடலை பிடுங்கும்போதே என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலிக்காத வியாதியை எங்கள் ஊரில் வியாதி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டுக்காரர்தான், "கட்டின்னா கரைச்சிரலாம் புள்ளே" என்று மலைக்காரர்களிடம் சேங்கொட்டை வாங்கிவந்தார். வண்ணார்கள் துணிக்குக் குறி போடுகிற அதே கொட்டைதான். சுட்டால் கறுப்பாக எண்ணெய் வடியும். கட்டியைச் சுற்றி அதை விரலாலேயே தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தார்.

இரண்டு நாளில் மார்பு முழுக்கச் சிவந்து, தடித்து, கொப்புளித்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சூடு. கக்கத்தில் நெறி கட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "வியாதி வெளிய வருது, நல்லதுதான்" என்றார்கள். வெளியே வருகிறதாம், வெளியே! எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. "நாளைக்குத் தர்மபுரி போறோம்" என்றேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. இதற்கு மேல் விட்டால் பிழைக்க மாட்டேன் என்று எனக்கே பட்டுவிட்டது.

கிளம்பும்போது ஊரே சேர்ந்து ஒரு புத்தி சொல்லி அனுப்பியது: ஆஸ்பத்திரியில் நாட்டு மருந்துப் பேச்சே எடுக்கக்கூடாது, எடுத்தால் விரட்டிவிடுவார்கள். இவரும் சீயக்காய் போட்டு எண்ணெய்க் கறை போகும்வரை என் மார்பைக் கழுவிவிட்டுத்தான் வண்டி பூட்டினார். கொப்புளத்தின் மேல் சீயக்காய்! அவரை அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அரூர்வரை மாட்டுவண்டி. அங்கிருந்து பஸ், ஆளுக்குப் பன்னிரண்டணா. முன்பெல்லாம் மொரப்பூரில் இறங்கினால் தர்மபுரிக்குக் குட்டி ரயில் இருந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலும் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடியது. பின்னால் அண்டா மாதிரி ஒன்றில் கரி எரியும். அந்தப் பக்கம் உட்காராதீர்கள், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருங்கள். புண் உள்ளவர்களுக்கு அனல் ஆகாது.

மொரப்பூர் தாண்டி ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி, "வண்டிக்கு மூச்சு வாங்குதுங்க, எல்லாரும் எறங்கி மேடு ஏறிருங்க" என்றார்.

"எனக்குந்தான் மூச்சு வாங்குது. என்னை யாரு தூக்கறது?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க உக்காருங்கம்மா. உங்க ஒருத்தருக்கு வண்டி செத்துராது."

வீட்டுக்காரர் கையைச் சொறிந்தபடி பஸ்ஸுக்குப் பின்னால் நடந்துவந்தார். ஏழு மணிக்குக் கிளம்பிய பஸ் தர்மபுரி சேர உச்சிவேளை தாண்டிவிட்டது.

நாங்கள் போனது பெண்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தெற்கத்திச் சீமைக்காரர், அதிகம் பேசாதவர். என் மார்பைப் பார்த்தார், கக்கத்தை அழுத்தினார், கை கழுவினார். பிறகு வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குக் காது நல்ல கூர்மை.

"தோல் முழுக்கச் சிவந்திருக்கு, நெறியும் கட்டியிருக்கு. புற்றே இப்படித் தோலுக்குள்ளே பரவியிருந்தா அறுக்கக்கூடாது, அறுத்தா இன்னும் வேகமாப் பரவும். ஊருக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்கங்க."

நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

டாக்டரம்மா ஏதோ யோசித்துத் திரும்பினார். "இந்தச் சிவப்பு எத்தனை நாளா? மேலே ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணும் வெக்கலீங்கம்மா. சத்தியமாங்க" என்றார் இவர். சொல்லும்போதே விரலிடுக்கைச் சொறிந்தார். அந்த விரல்களும் சிவந்து, தடித்து, தோல் உரிந்திருந்தன. காதோரம் சொறிந்த இடத்திலும் அதே சிவப்பு.

எனக்கு வந்ததே கோபம்! கட்டிலிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்து டாக்டரம்மா முன்னால் நீட்டினேன். "இதப் பாருங்கம்மா. இவருக்கும் புத்து வந்திருக்குதுங்களா? சேங்கொட்டைங்க. இவருதான் வெச்சாரு. வெரட்டறதுன்னா வெரட்டுங்க, ஆனா கொட்டைக்கு வந்த செவப்ப வெச்சு என்னைச் சாவச் சொல்லாதீங்க."

டாக்டரம்மா அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரட்டவில்லை.

"உடம்புக்கு ஆகாத எண்ணெய் பட்டதும் உடம்பு ரத்தத்தைக் கூட்டிட்டு வந்து சண்டை போடுது. அதுதான் இந்தச் சூடு, சிவப்பு, வீக்கம் எல்லாம். கால்ல முள்ளு குத்தினா தொடையில நெறி கட்டுமே, அதேமாதிரிதான் கக்கத்துலயும். ஆனா கட்டி வேற, அது இதுல கரையாது. சிவப்பும் நெறியும் வடியட்டும். வடிஞ்சா அறுக்கறேன். வடியலைன்னா அறுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எண்ணெய்கிட்ட இந்தக் குதி குதிக்கிற உடம்பு, கட்டிய மட்டும் ஏங்க இத்தன நாளா சும்மா வுட்டுச்சு?"

"கட்டி உன் உடம்புலயே வளர்ந்ததும்மா. தன் ஆளுன்னு நெனைச்சு விட்டிருக்கும். எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

என் உடம்பின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது அன்றைக்குத்தான். களவாணிக்குத் தின்னத் தின்னச் சோறு போட்டுவிட்டு, வாசலில் வந்த பிச்சைக்காரனை அடித்து விரட்டியிருக்கிறதே!

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளோடு வருகிறவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை உண்டு. அதில் தங்கினோம். தேங்காயெண்ணெயும் ஆஸ்பத்திரிக் களிம்பும்தான் மருந்து. இவர் கேழ்வரகுக் களி கிண்டினார், கட்டி கட்டியாக. "இதையும் சேங்கொட்டை வெச்சுக் கரைங்க" என்றேன். பாவம், கரண்டியால் கட்டிகளை நசுக்க ஆரம்பித்தார். என் கை தன்னால் கக்கத்துக்குப் போகும். எலுமிச்சங்காய் அளவு இருந்த நெறி நெல்லிக்காய் ஆயிற்று, பிறகு புளியங்கொட்டை ஆயிற்று. சிவப்பு வெளுத்துத் தோல் உரிந்தது. கட்டி மட்டும் அசையாமல் அப்படியே கிடந்தது.

டாக்டரம்மா மறுபடி அழுத்திப் பார்த்தார். "எல்லாம் வடிஞ்சிருச்சு, ஒண்ணைத் தவிர. துவரம்பருப்பு அளவுல ஒண்ணு நிக்குது. அது கொட்டைக்கு வந்ததா, கட்டிக்கு வந்ததான்னு கையால சொல்ல முடியாது."

"அப்ப அதையும் சேத்து எடுத்துருங்க. சந்தேகத்த எதுக்குங்க ஊருக்குக் கொண்டு போறது?"

எடுத்தார். மார்பும் போயிற்று. வலித்தது, அழுதேன், அதில் வெட்கமில்லை. திரும்ப வராது என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சண்டை முடிந்துவிட்டது, நான் இன்னும் களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். அரூரில் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். போர்வையும் ஒரு சட்டியும் எடுத்துப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே எதைத் தடவியிருந்தாலும், சாணியே ஆனாலும், கேட்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.

ஊரில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? நான் பிழைத்தது சேங்கொட்டையால்தானாம். போன மாசம் என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம், மாட்டுக் கொட்டாயில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க. வலியில்லைங்க. அந்தக் கொட்ட ரெண்டு மிச்சமிருந்தா குடுங்க. உங்களுக்கு அதுலதான கரைஞ்சுது?"

மாராப்பை விலக்கி, ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினேன். தோளிலிருந்து விலாவரை இறங்குகிற தழும்பு.

"கரைஞ்சிருந்தா இது எதுக்கு அம்மிணி?"

அவள் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் முதல் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் சீட்டில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.